செம்பட்டைத் தலையும் பிளாண்ட் தலையும்: ஸ்டீரியோடைப் எப்படி வேலை செய்கிறது?

வேலூர்க்காரர்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்த ஒரு வரி உண்டு. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், அழகில்லாத பெண்கள். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால், "வேலூரா?" என்று கேட்டுவிட்டு யாராவது ஒரு பெரியவர் ஒவ்வொரு விரலாக மடக்கி இதைச் சொல்லிச் சிரிப்பார். சின்ன வயதில் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பத்தாவது படிக்கும்போதுதான், கடைசி விரல் என்னைச் சொல்கிறது என்பது உறைத்தது.

அந்த வரி போன மாதம் மறுபடி நினைவுக்கு வந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒரு ஜோக் அனுப்பியிருந்தார். ஒரு பிளாண்ட் பெண் ஐஸ்கட்டி செய்வதை ஏன் விட்டுவிட்டாள்? செய்முறை எழுதி வைத்த தாள் தொலைந்துபோச்சாம். நாலைந்து பேர் சிரித்து வைத்தார்கள். எட்டாவது படிக்கும் அக்கா மகள் என்னிடம் வந்து, "சித்தி, பிளாண்ட்னா இன்னா? முட்டாள்னு அர்த்தமா?" என்று கேட்டாள்.

பிளாண்ட் என்பது பொன்னிற முடியைக் குறிக்கும் சொல். அந்த முடியோடு ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் சொல் அவள் காதில் விழும்போதே 'முட்டாள்' என்ற அர்த்தத்தையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டது. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஸ்டீரியோடைப் என்ற வார்த்தையை இப்போது எல்லாவற்றுக்கும் போடுகிறோம். திமிருக்கும் அதே வார்த்தை, வெறுப்புக்கும் அதே வார்த்தை, வெறும் அறியாமைக்கும் அதே வார்த்தை. அதனால் அது உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பது நம் கண்ணில் படுவதே இல்லை.

முள்ளைப் பார்த்துக் கத்தரிக்காய் வாங்குவது

என் அம்மா நேதாஜி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கும்போது காயைப் பார்ப்பதற்கு முன்னால் காம்பைத் தடவிப் பார்ப்பார். விரலில் முள் குத்தினால் முகம் மலரும். இலவம்பாடிக் காய். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் முள்ளு கத்தரி அதுதான். முள் இல்லையென்றால் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவார்.

ஒவ்வொரு காயையும் வேகவைத்து ருசி பார்த்து வாங்க முடியாது. அதனால் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தை வைத்து, தெரியாத ஒரு குணத்தை ஊகிக்கிறார். இதற்கு வகைப்படுத்தல் என்று பெயர். பார்த்த பொருளை ஏற்கெனவே தெரிந்த ஒரு கூட்டத்தில் சேர்த்து, அந்தக் கூட்டத்தின் குணங்களை அதற்கும் கொடுத்துவிடுவது. இதில் தப்பு ஒன்றுமில்லை. பஸ்ஸில் தோள்பையோடு விசில் ஊதுகிறவரிடம் சில்லறையை நீட்டுகிறோம். நீங்கள் கண்டக்டர்தானா என்று விசாரிப்பதில்லை. விசாரித்துக்கொண்டிருந்தால் காட்பாடி போய்ச் சேர முடியாது.

அம்மாவின் கணக்கு பெரும்பாலும் சரியாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த முள்ளும் அந்த ருசியும் ஒரே ரகத்தின் விதையிலிருந்து வருகிறவை. அடையாளத்துக்கும் குணத்துக்கும் நடுவே நிஜமாகவே ஒரு முடிச்சு இருக்கிறது. அந்த முடிச்சு இல்லாத இடத்திலும் மூளை அதே குறுக்குவழியைப் போடும். அது நின்று சோதித்துப் பார்ப்பதில்லை. வம்பு தொடங்குவது அங்கேதான்.

அச்சில் வார்த்த படம்

ஸ்டீரியோடைப் என்பது முதலில் அச்சுத்தொழில் வார்த்தை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் பிறந்தது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து ஒரு பக்கம் தயார் செய்வார்கள். அப்புறம் அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே உலோகத் தகடாக வார்த்துவிடுவார்கள். எத்தனை ஆயிரம் பிரதி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். ஆனால் தனி எழுத்தாக இருந்தவரை சுலபமாக மாற்றக்கூடிய ஒரு பிழை, தகடான பிறகு பிரதிக்குப் பிரதி அப்படியே விழும்.

1922இல் வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இந்த வார்த்தையை மனித மனத்துக்குக் கொண்டுவந்தார். நாம் பார்த்துவிட்டு முடிவு செய்வதில்லை, பெரும்பாலும் முடிவு செய்துவிட்டுத்தான் பார்க்கிறோம் என்பது அவர் வாதம். ஆக, ஸ்டீரியோடைப் என்றால் இதுதான்: ஒருவர் இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, அவரைத் தெரிந்துகொள்ளும் முன்பே அவர்மேல் ஒட்டிவிடும் ஆயத்தப் படம். இனி இதை 'வார்ப்பு' என்றே சொல்கிறேன்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னும் இரண்டு சொற்களையும் பிரித்துவிடுவோம். பிளாண்ட் பெண்களுக்கு விவரம் பத்தாது என்று நினைப்பது வார்ப்பு. அது தலைக்குள் இருக்கிறது. அதனால் அவர்களைக் கண்டாலே ஓர் இளக்காரம் வருவது தப்பெண்ணம். அது மனதில் இருக்கிறது. அந்த இளக்காரத்தில் ஒருத்திக்கு வேலை கொடுக்காமல் விடுவது பாகுபாடு. அது கையில் இருக்கிறது. ஒன்று இருந்தால் மற்ற இரண்டும் இருந்தே தீரும் என்றில்லை. என் மாமா யாரையும் இளக்காரமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் வார்ப்பு அவர் போன் வழியாக எட்டாவது படிக்கும் பெண்வரை வந்து சேர்ந்தது. பரவுவதற்கு அதற்குக் கெட்ட மனசு தேவையில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல்தான், "நான் யாரையும் வெறுக்கல, சும்மா ஃபார்வர்ட் பண்ணேன்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மூளை அடையாளத்தைப் பார்த்துக் குணத்தை ஊகிக்கும். இரண்டுக்கும் நடுவே முடிச்சு இருந்தால் அது அனுபவ அறிவு. முடிச்சு இல்லாமலே படம் தகடாக இறுகிப்போனால் அது வார்ப்பு.

முடிக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

காபியை நினைத்துக்கொள்ளுங்கள். பாலில் எவ்வளவு டிகாஷன் விடுகிறோமோ அவ்வளவு கறுப்பு. முடியில் டிகாஷன் வேலையைச் செய்வது மெலனின் என்ற நிறப்பொருள். மயிர்க்காலில் இருக்கும் செல்கள் இதைத் தயாரித்து, வளரும் முடிக்குள் ஏற்றி அனுப்புகின்றன. மெலனினில் இரண்டு வகை. ஒன்று கறுப்பும் பழுப்பும் தருவது, மற்றது செம்மஞ்சள் தருவது. நம் முடியில் முதல் வகை நிறைய. பிளாண்ட் முடியில் அது மிகக் குறைவு. நரையில் டிகாஷனே இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் என் அக்காவின் பார்லருக்கு வரலாம். காட்பாடியில் வைத்திருக்கிறார். கல்லூரிப் பெண்கள் ஹைலைட்ஸ் போட வருவார்கள். ப்ளீச் பவுடரை டெவலப்பரில் குழைத்து, முடியைச் சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்து, பிரஷ்ஷால் பூசி, ஃபாயிலில் மடிப்பார். சில நிமிடத்துக்கு ஒரு தடவை ஃபாயிலைத் திறந்து பார்ப்பார். கறுப்பு முதலில் செம்பழுப்பாகும். அப்புறம் ஆரஞ்சு. அப்புறம் மஞ்சள். வாழைப்பழத் தோலின் உள்பக்க நிறம் வந்தால்தான் நிறுத்துவார். நம் முடிக்கு ஒரே உட்காரலில் அது வராது. கடைசியில் டோனர் போட்டு மஞ்சளைக் கொஞ்சம் தணிப்பார். நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்தப் பெண்ணுக்கு என்ன தெரிந்திருந்ததோ, எழுந்திருக்கும்போதும் அதே தெரிந்திருக்கும். தலைக்கு வெளியே போனது மெலனின் மட்டும்தான்.

இயற்கையாகப் பொன்முடி வருவதும் அதே அளவு மேலோட்டமான சமாச்சாரம். வட ஐரோப்பியர்களின் பொன்முடிக்குப் பின்னால் இருக்கும் ஒரு முக்கிய மரபணு மாற்றத்தை 2014இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். டி.என்.ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அது மயிர்க்காலில் ஒரு மரபணுவின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு இதைவிட வியப்பாக இருந்தது சாலமன் தீவுகள். பசிபிக் கடலில், நம்மைவிடக் கறுத்த தோல் உள்ள மக்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேர் வரை பிறவியிலேயே பொன்முடியோடு இருக்கிறார்கள். எப்போதோ வந்த வெள்ளைக்கார மாலுமிகளின் வாரிசுகள் என்று ஒரு காலத்தில் கதை கட்டினார்கள். 2012இல் மரபணுவைப் பார்த்தபோது அது ஐரோப்பாவில் இல்லாத, அந்தத் தீவுகளிலேயே தோன்றிய தனி மாற்றம் என்று தெரிந்தது. பிளாண்ட் என்றவுடன் நம் மனதில் வெள்ளைத்தோல் பெண் மட்டும் வருவதே ஒரு வார்ப்புதான்.

இன்னொன்றையும் சேர்க்காமல் இருக்க முடியவில்லை. வேலூர் பஸ் ஸ்டாண்டில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளோடு குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள், திருப்பதி போய் வந்தவர்கள். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை திருப்பதியும் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே காணிக்கையாக விழும் முடி ஏலத்துக்குப் போகிறது. அதில் நல்ல நீளமான முடி வெளிநாடு போய், நாள்கணக்கில் மருந்தில் ஊறி, நிறம் இழந்து, வேறு நிறம் ஏற்றப்பட்டு விக் ஆகிறது, சவுரி ஆகிறது. எங்கோ ஒரு ஊரில் ஒருத்தியின் தலையில் மின்னும் பொன்முடி, குடியாத்தத்தில் யாரோ ஓர் அம்மா வேண்டிக்கொண்டு இறக்கிய முடியாக இருக்கலாம்.

சுருக்கமாக: பொன்முடி என்பது மெலனின் குறைவு. அது பிறவியாக வரலாம், பார்லரில் வரலாம், விக்காக வரலாம். மூன்றில் எதற்கும் அறிவோடு முடிச்சு இல்லை.

ஒரே நிறம், வெவ்வேறு அர்த்தம்

முடிச்சு இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய சான்று எங்கள் வீட்டிலேயே இருந்தது. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் ஆயா (எங்கள் பாட்டி) என் தலையைப் பிடித்துத் திருப்பி, "பாரு, செம்பட்டையா பூத்துக் கெடக்குது" என்று திட்டுவார். வேலூர் வெயிலில் முடி நிறம் மங்கிப்போவது சாதாரணம். சத்துக் குறைவு முற்றிய குழந்தைகளுக்கும் முடி செம்பட்டையாகும். அதனால் நம் ஊரில் அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம்? கவனிக்க ஆளில்லாத பிள்ளை. வறுமை. பள்ளியில் ஒருத்தியை "செம்பட்டை" என்றே கூப்பிட்டோம்; அவள் முகம் சுருங்கியது இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

அதே பழுப்பு மஞ்சள் நிறத்தை இன்று காசு கொடுத்து வாங்குகிறோம். ஹாலிவுட்டில் அது அழகு, கூடவே அசட்டுத்தனம்.

வேலூரில் வெள்ளைக்காரப் பெண்ணைப் பற்றி இன்னொரு படமும் இருந்தது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு இங்கே வைத்தியம் ஆரம்பித்தார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதுதான் வளர்ந்து இன்றைய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி. ஆயா தலைமுறைக்கு வெள்ளைக்காரம்மா என்றால் டாக்டரம்மா, கைராசிக்காரங்க. ஒரு தடவை கோட்டை வாசலில் கேமராவோடு நின்ற, பொன்முடி உள்ள சுற்றுலாப் பெண்ணிடம் ஆயா தன் முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண்ணும் புரியாமலே அக்கறையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆயாவிடம் இருந்ததும் வார்ப்புதான். ஆனால் அமெரிக்க ஜோக்கில் இருப்பதற்கு நேர் எதிரானது. அங்கே அவளுக்கு ஒன்றும் தெரியாது, இங்கே அவளுக்கு எல்லாம் தெரியும். முடி அதேதான்.

படத்தை வரைந்தவர்கள்

அமெரிக்கப் படம் ஒரே நாளில் வரையப்பட்டதல்ல. ஐரோப்பியத் தேவதைக் கதைகளில் பொன்முடி என்றால் தூய்மையும் இளமையும். அங்கே பல குழந்தைகள் பொன்முடியோடு பிறந்து, வளர வளரப் பழுப்பு முடிக்கு மாறுவார்கள். அதனால் பொன்முடி என்றால் குழந்தைத்தனம் என்ற நினைப்பு ஒட்டியிருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. 1775இல் பாரிஸில் ரோசாலி டூத்தே என்ற பிரபலமான பெண்ணைக் கேலி செய்து ஒரு நாடகம் போட்டார்கள். பேசுவதற்கு முன் நெடுநேரம் நிறுத்துவது அவர் பழக்கமாம். அசட்டு பிளாண்ட் என்ற கேலிக்கு முதல் உதாரணமாக அவரைத்தான் பலரும் சொல்கிறார்கள்.

அப்புறம் வேதியியல் வந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு 1818இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1867இல் பாரிஸ் கண்காட்சியில் அதை வைத்து முடியை வெளுத்துக் காட்டினார்கள். யார் வேண்டுமானாலும் பொன்முடிக்காரி ஆகலாம் என்றானதும், அந்த நிறம் இயற்கை என்பதிலிருந்து அலங்காரம் என்பதற்கு நகர்ந்தது. அலங்காரம் செய்துகொள்ளும் பெண்ணுக்கு மூளை வேறு எதற்கு என்ற நினைப்பு எல்லா ஊரிலும் இருக்கிறது, நம் ஊரிலும்.

மிச்சத்தைச் சினிமா செய்தது. 1930களில் ஜீன் ஹார்லோ. ஐம்பதுகளில் மர்லின் மன்றோ. மன்றோவின் சொந்த முடி பழுப்பு. மாடலாக இருந்தபோது வெளுத்தார்கள். 1953இல் வந்த படங்களோடு அவர் அசட்டு அழகியாகவே உலகத்தின் மனதில் பதிந்துபோனார். ஆனால் அந்த நடிகை யார்? அதே மாதிரி வேடங்கள் அலுத்துப்போய் ஸ்டூடியோவோடு மோதி, 1955இல் தன் பெயரில் தயாரிப்பு நிறுவனம் வைத்து, அந்த வருடம் முடிவதற்குள் இயக்குநரை ஏற்கவும் மறுக்கவும் உரிமையுள்ள புது ஒப்பந்தத்தை வாங்கியவர். அவர் இறந்து பல வருடம் கழித்து, 1999இல், அவருடைய புத்தகங்கள் ஏலத்துக்கு வந்தன. நானூறுக்கும் மேல் இருந்தன.

இங்கே ஒரு சக்கரம் சுழல்வதைப் பார்க்கலாம். பொன்முடி நடிகைக்கு அசட்டு வேடம் மட்டுமே கொடுப்பார்கள். ரசிகர்கள் பொன்முடியில் அசட்டுத்தனத்தை மட்டுமே பார்ப்பார்கள். பார்த்துப் பழகியவர்கள் அதையே கேட்பார்கள், மறுபடியும் அதே வேடம் எழுதப்படும். தன்னைத்தானே மெய்யாக்கும் கணிப்பு என்று இதைச் சொல்வார்கள். நம்பிக்கையே தனக்கு வேண்டிய சாட்சியைத் தயாரித்துக்கொள்வது.

இதே முடியை ஹிட்ச்காக் தன் படங்களில் மர்மமான, நெருங்க முடியாத பெண்களுக்கு வைத்தார். தேவதை, அசடு, மர்மக்காரி, மூன்றுக்கும் ஒரே முடி. அப்புறம், பொன்முடி உள்ள ஆண்களை அவ்வளவாக யாரும் அசடு என்று கேலி செய்வதில்லை என்பதையும் கவனியுங்கள். நிறம்தான் காரணமென்றால் ஆண் தலைக்கும் அது காரணமாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஆணுக்குப் பெரும்பாலும் 'பொன்முடி இருக்கிறது'. பெண்ணோ 'ஒரு பிளாண்ட்' ஆகிவிடுகிறாள். நாங்கள் பள்ளியில் ஒருத்தியைச் செம்பட்டை ஆக்கியது மாதிரி.

பொய் என்று தெரிந்தும் ஏன் சாகவில்லை?

அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜே சகோர்ஸ்கி, 10,878 அமெரிக்கர்களின் பழைய தேர்வு மதிப்பெண்களை அவர்கள் சொன்ன இயற்கை முடி நிறத்தோடு ஒப்பிட்டு 2016இல் வெளியிட்டார். வெள்ளையினப் பெண்களின் சராசரி நுண்ணறிவு எண் (ஐ.க்யூ.), பொன்முடிக்கு 103.2, பழுப்புக்கு 102.7, சிவப்புக்கு 101.2, கறுப்புக்கு 100.5. இதை வைத்துப் பொன்முடிக்காரிகள்தான் கெட்டி என்று சொல்லிவிடக் கூடாது. இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவுக்குச் சின்னது. ஆண்களிடமும் அப்படித்தான்.

அப்படியிருந்தும் வார்ப்பு ஏன் உயிரோடு இருக்கிறது? முதலில், நாம் கணக்கெழுதும் விதம். பொன்முடிப் பெண் சாவியைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் "பாத்தியா, சொன்னேன் இல்ல" என்கிறோம். கறுப்பு முடிக்காரி அதையே செய்தால் "பாவம், என்ன டென்ஷன்ல இருந்தாளோ" என்கிறோம். முதல் தப்பு கூட்டத்தின் கணக்கில் ஏறுகிறது. இரண்டாவது அந்த ஆளின் கணக்கோடு போய்விடுகிறது. ஏற்கெனவே நம்புவதற்குச் சாதகமானவை மட்டும் கண்ணில் பட்டு நினைவில் தங்குவதை உறுதிப்படுத்தல் சார்பு என்கிறார்கள். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கடை நோட்டு மாதிரி. என்றைக்குப் பார்த்தாலும் லாபம்தான் காட்டும்.

அப்புறம், எதிர்ச் சான்றை ஓரமாக உட்கார வைப்பது. கெட்டிக்காரப் பொன்முடிப் பெண் வந்தால் "இவ வேற மாதிரி" என்று தனி அறை ஒதுக்கிவிடுகிறோம். இதற்குத் துணைவகை ஆக்குதல் என்று பெயர். எத்தனை பேர் வந்தாலும் எல்லோரும் அந்த அறைக்கே போவார்கள், தகடு அப்படியே இருக்கும்.

இங்கே வேலூர் வரிக்குத் திரும்பி வருகிறேன். சாமி இல்லாத கோயில் என்பது கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில். ரொம்ப காலம் அது உண்மைதான். லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981 மார்ச்சில் அதைக் கொண்டுவந்து மறுபடி வைத்துவிட்டார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் பூஜை நடக்கிறது. தண்ணீரில்லாத ஆறு 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் ஓடியது. வரி மாறவில்லை. போன வருடக் கல்யாணத்திலும் அதே ஐந்து விரல். எனக்கு இதில் உறைப்பது இன்னொன்றும் இருக்கிறது. மலை, ஆறு, கோட்டை, கோயில் நான்கும் போய்ப் பார்த்துச் சரிபார்க்கக்கூடியவை. ஐந்தாவதை யாரும் சரிபார்க்க முடியாது. ஒரு காலத்தில் உண்மையாக இருந்த அந்த நாலுக்குப் பின்னால் அதே தாளத்தில் வரிசையில் நின்று அது உள்ளே வந்துவிட்டது. பிளாண்ட் விஷயமும் இதுதான். முடியின் நிறம் கண்ணுக்கு முன்னால் இருக்கும் உண்மை. அதன் தோளைப் பிடித்துக்கொண்டு பொய்யும் கூடவே நுழைகிறது.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இந்த வார்ப்பு பார்ப்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கிறது. சமூக உளவியலாளர் சூசன் ஃபிஸ்க்கும் அவரோடு வேலை செய்த ஆய்வாளர்களும் 2002இல் ஓர் எளிய விளக்கம் கொடுத்தார்கள். எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் மனம் இரண்டு கேள்வி கேட்கிறது: இவர்கள் நல்லவர்களா? இவர்கள் விவரமானவர்களா? பல வார்ப்புகள் ஒன்றில் தூக்கி மற்றதில் இறக்கும். பிளாண்ட் வார்ப்பு முதல் கேள்விக்கு நிறைய மார்க் போட்டு இரண்டாவதில் பூஜ்யம் போடுகிறது. அழகு, வெள்ளந்தி, பாவம், விவரம் பத்தாது. வெறுப்பு இல்லாததால் யாருக்கும் குற்றவுணர்ச்சியும் வருவதில்லை.

தமிழ்ப் படம் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குழந்தை மாதிரி பேசுவாள், நடுரோட்டில் பலூனுக்கு அடம்பிடிப்பாள், எந்தப் பாடத்தில் டிகிரி வாங்கினாள் என்பதே தெரியாது, ஹீரோ வந்து வாழ்க்கையைப் புரியவைப்பார். 'லூசுப் பெண்' என்று நாமே பெயரும் வைத்திருக்கிறோம். அவள் முடி நல்ல கறுப்பு. வார்ப்பு அச்சு அசலாக அதேதான்.

ஜோக்குகளும் அப்படி ஊர் மாறிப் போகிறவைதான். கிறிஸ்டி டேவிஸ் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் உலகத்து முட்டாள் ஜோக்குகளைச் சேகரித்தார். இங்கிலாந்தில் ஐரிஷ்காரர், பிரான்சில் பெல்ஜியக்காரர், அமெரிக்காவில் போலந்துக்காரர். ஜோக் ஒன்றே, பெயர்ப்பலகை மட்டும் வேறு. நம்மிடம் அந்தப் பலகை சர்தார்ஜிக்கு மாட்டப்பட்டது. மாமா அனுப்பிய ஐஸ்கட்டி ஜோக்கில் சர்தார்ஜியைப் போட்டாலும் ஓர் எழுத்து குறையாமல் ஓடும். ஒரே ஜோக் இத்தனை பேருக்குப் பொருந்துகிறது என்றால் அது யாரைப் பற்றியும் எந்தத் தகவலும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

நினைவில் வைத்துக்கொள்ள: சாதகமானதை மட்டும் எண்ணுகிறோம், பாதகமானதை விதிவிலக்கு என்று ஒதுக்குகிறோம், இளக்காரத்தைப் பாராட்டில் பொதிந்து கொடுக்கிறோம். ஜோக் இது மூன்றையும் ஊர் ஊராகக் கொண்டுபோகிறது.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள்

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சாயங்காலம் அக்கா கடையை மூடும் நேரத்துக்கு ஒரு மாணவி ஓடி வந்தாள். முதல் வருடம் இதே நாற்காலியில் உட்கார்ந்து ஆசையாகத் தேன் நிறத்துக்கு மாற்றிக்கொண்டவள். "அக்கா, நாளைக்கு இன்டர்வியூ. சுத்தமா கறுப்பாக்கிடுங்க." யாராவது ஏதாவது சொன்னார்களா என்று அக்கா கேட்டார். யாரும் சொல்லவில்லை. "பாத்தவொடனே பொறுப்பில்லாத பொண்ணுன்னு நெனச்சுடுவாங்கக்கா."

வெளுத்த முடிமேல் நேராகக் கறுப்பு அடித்தால் பச்சை அடிக்கும். முதலில் இழந்த செம்பு நிறத்தைத் திரும்ப ஏற்றி, அதற்குமேல் கறுப்பு போட வேண்டும். இரண்டரை மணி நேரம். அந்த நேரம் முழுக்க அவள் மடியில் நோட்டை விரித்து வைத்து முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் சாயம் வழிந்ததை அக்கா துடைத்தபோதுகூட நிமிரவில்லை. இன்டர்வியூ எடுக்கப்போகிறவர்கள் அவளை இன்னும் பார்க்கவே இல்லை. ஒருவேளை அவர்கள் முடியைக் கண்டுகொள்ளாதவர்களாகக்கூட இருக்கலாம். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்னாலேயே வார்ப்பு வந்து தன் கட்டணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டது: ஒரு ராத்திரி, கையிலிருந்த காசு, பிடித்த நிறம். முடி கறுப்பாக இருந்த பையன்கள் அந்த இரண்டரை மணி நேரம் தூங்கியிருப்பார்கள்.

அப்போ ஜோக்கே சொல்லக் கூடாதா?

சர்தார்ஜி ஜோக்குகளைத் தடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். மக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் ஒழுக்க விதி வகுக்க முடியாது என்று 2017 பிப்ரவரியில் சொல்லிவிட்டார்கள். எனக்கும் தடையில் நம்பிக்கை இல்லை. சிரிப்பைத் தடுத்தால் அது முதுகுக்குப் பின்னால் போய்ச் சிரிக்கும். நான் செய்வது ஒன்றுதான், அக்கா மகளுக்கும் அதைச் சொன்னேன். ஜோக்கில் இருக்கும் கூட்டத்தின் பெயரை எடுத்துவிட்டு, நமக்கு வேண்டிய ஒருவரின் பெயரைப் போட்டுப் படித்துப் பார்ப்பது. சில ஜோக்குகள் அப்போதும் சிரிப்பாகத்தான் இருக்கும். அவற்றைத் தாராளமாகச் சொல்லலாம்.

அவள் கேட்டுக்கொண்டு போனாள். அன்று ராத்திரி மாமா எனக்குப் போன் செய்தார்.

"இன்னாமா, குழந்த எனக்கு இன்னாவோ அனுப்பிச்சிருக்குது. வேலூர் பொண்ணு ஏன் ஐஸ்கட்டி செய்யறத உட்டுட்டான்னு. நம்ம ஊர்ப் பொண்ணுங்கள எவன் இப்படி எழுதறான்?"

"நீங்க அனுப்பினதுதான் மாமா. பேர மட்டும் மாத்தியிருக்கா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. டிவி ஓடுவது மட்டும் கேட்டது. அப்புறம், "அவ முழிச்சினு இருக்காளா? போன அவகிட்ட குடு" என்றார்.